முடியாத துளைகள்

நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று
எங்கள் வேலூருக்கு ஒரு பட்டியல் உண்டு.
அதில் நான் சேர்த்தது
கடலில்லாத கிளிஞ்சல்.

காட்பாடியில், கல்லூரியின் பின்கட்டில்,
அட்சரேகை எழுதி ஒட்டிய பெட்டிகள்.
எட்டு டிகிரி: கன்னியாகுமரி மணல் இன்னும் உதிர்கிறது.
பத்து. பதினொன்று.
பதின்மூன்றைத் திறந்தால் பழவேற்காட்டு வாடை.
ஐம்பத்தெட்டு, நார்வேயிலிருந்து.
சென்னைச் சுங்கத்தில் ஐந்து வாரம் கிடந்து
மூலையில் ஊசி குத்திப் பார்க்கப்பட்டு வந்தது.
அந்த ஓட்டையையும் எண்ணட்டுமா என்றேன்.
ஹெப்சிபா மேடம் சிரிக்கவில்லை.
"அது வேட்டை இல்லை."

என்னை இந்த வேலைக்கு எடுத்ததற்குக் காரணம் ஆம்பூர்.
ஒன்பது வருடம் ஷூ கம்பெனியில்
கயிறு கோக்கும் கண் குத்தினேன்,
ஒரு ஜோடிக்கு இருபத்துநாலு.
மிஷின் போட்ட ஓட்டை எது,
தானாகக் கிழிந்தது எது,
விரல்நுனிக்குத் தெரியும்.

இங்கே இரண்டு விதம்.
வாய் அகன்று உள்ளே குறுகினால்
மணலுக்கடியில் வந்த நத்தை.
சுவர் செங்குத்தாய் இறங்கினால்
பாறைமேல் திரிகிற நத்தை.
இரண்டுக்கும் வழி ஒன்றுதான்:
கொஞ்சம் அமிலம், கொஞ்சம் பல்வைத்த நாக்கு.
இளக்கு, சுரண்டு. இளக்கு, சுரண்டு.
வாணியம்பாடி தோல்ஷாப்பில் என் அப்பா
சுண்ணாம்பில் ஊறவைத்துக்
கத்தியால் முடி வழித்ததும் இப்படித்தான், அவசரமில்லாமல்.
ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு நாள்கூட ஆகும்.
அதுவரை உள்ளே இருப்பது
கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டபடி இருக்கும்.
காது கிடையாது என்கிறார் மேடம்.
சரி. வேறு எப்படியோ.

அவர் கேள்வி எளிது:
நடுக்கோட்டை நெருங்க நெருங்க,
வெயில் கூடக் கூட,
பசியும் கூடுமா?
ஏப்ரல் வரை வைத்த புள்ளிகள்
ஏறின, இறங்கின,
ஒடிசா பெட்டியில் காரணமில்லாமல் துள்ளின.
கோடு என்று ஒன்று வரவில்லை.
மேடம் அன்றைக்கு டீக்குப் பதில்
எல்லோருக்கும் ரோஸ்மில்க் வாங்கித் தந்தார்.

மே. நாற்பத்திரண்டு டிகிரி. இது வேறு டிகிரி.
விருதம்பட்டில் என் வீட்டை ஒட்டி
எத்திராஜுலுவின் காலிமனைக்கு ரிக் லாரி வந்தது.
ராத்திரி பதினொன்றுக்கு ஆரம்பித்தார்கள்.
நானூறு அடியில் கருங்கல் மாவு.
அறுநூறில் மாவு.
எழுநூற்று இருபதில், விடியும்போது, அதே மாவு.
கொடியில் கிடந்த என் பச்சைப்புடவை வெளுத்துவிட்டது.
போன வருடம் ஒன்று, இதோடு இரண்டு.
எத்திராஜுலு லுங்கியை உதறிக் கட்டிக்கொண்டு
மூன்றாவது இடத்தைக் காட்டினார்.
உள்ளங்கையில் தேங்காய் எழுந்து நின்றதாம்.

தூங்காத கண்ணோடு போய்ப் பதின்மூன்றைத் திறந்தேன்.
சுண்டுவிரல் நகமளவு மட்டி.
கீலுக்குப் பக்கத்தில் ஒரு குழி, பாதியில்.
தள்ளி இன்னொன்று, பாதியில்.
ஓரத்தில் மூன்றாவது,
லென்ஸுக்கடியில் வெளிச்சம் கசிகிற அளவு மெலிந்து
நின்றிருந்தது.

'முடியாத துளை' என்று படிவத்தில் கட்டம் இருக்கிறது.
மூன்று என்று எழுதினேன்.
நத்தை ஏன் விட்டுப் போனது,
அலை புரட்டியதா, நண்டு வந்ததா,
அதற்கே ஒரு நத்தை வந்ததா,
கட்டம் இல்லை.
மூன்று முறை தப்பித்த மட்டி
கடைசியில் எதனால் செத்தது?
அதற்கும் இல்லை.
பென்சிலால் ஓரத்தில் ஏதோ எழுதி
அழித்துவிட்டேன்.

சாயங்காலம் திரும்பினால் லாரி போயிருந்தது.
தெருவெல்லாம் மாவில் டயர்த்தடம்.
எத்திராஜுலு மூன்றாவது குழாயருகே குப்புறப் படுத்துக்
கல்லைப் போட்டுக் காதை வைத்திருந்தார்.
"நீ கேளும்மா. எனக்கு இந்தக் காது மந்தம்."

மண்டியிட்டேன்.
ஆறு அங்குல வாயிலிருந்து
குளிர்ந்த காற்று கன்னத்தில் பட்டது.
கல் எங்கேயோ போய்க்கொண்டிருந்தது.
அதற்கும் கீழே எதுவோ
இறுக மூடிக்கொண்டு
என்னைக் கேட்டபடி இருந்தது.