இதர வரவு

மாலை ஆறு மணிக்கு மாயிஸ்த்ரால் காற்று ஓயும்.
அதற்கப்புறம்தான் என் வேலை.
பதினைந்து குதிரைத்திறன் ரப்பர் படகு,
மடியில் ரசீதுப் புத்தகம்,
நனையாமலிருக்க ரொட்டி வாங்கி வந்த பையில்.

லாஸ்தோவோவின் தென்கரை
கடல் கடித்துத் துப்பிய ஓரம்.
ஒவ்வொரு கடிக்குள்ளும் ஒரு வெள்ளைப் படகு நிற்கும்.
ஆகஸ்டில் நான்கைந்து,
நங்கூரச் சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று படுத்திருக்க,
மேலே அவற்றின் சொந்தக்காரர்கள்
முறைத்துக்கொண்டு ஒயின் குடிப்பார்கள்.

நீளம் கேட்பேன். பன்னிரண்டு மீட்டர் என்பார்கள்.
பதினான்கு இருக்கும்.
பிடித்த மீனை நீட்டிச் சொல்லும் அதே வாய்
படகைச் சுருக்கிச் சொல்லும்.
நான் பதின்மூன்று என்று எழுதுவேன்.
இருவருக்கும் பாதி வெட்கம்.

"இதைவிட அழகான இடம் இருக்கிறதா?"
கண்ணாடித் தண்ணீருக்குள் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு
எல்லோரும் கேட்கிறார்கள்.
சொல்வேன்:
கிழக்கே போனால் மணல், முழங்காலளவு நீர்.
குகைக்குள் காலை பத்து மணிக்கு
வெயில் பச்சையாக நுழையும், கால்மணி நேரம் இருக்கும்.
கலங்கரை விளக்கத்தின் அடியில் கூழாங்கற்கள்,
உரித்த முட்டை போல. எடுத்துப் போகாதீர்கள்.
எல்லாம் அச்சடித்த வரைபடத்தில் இருப்பவை.

ஒன்றை மட்டும் சொல்வதில்லை.
வெளியிலிருந்து பார்த்தால் வெறும் பாறை.
பட்டுப்போன கரோப் மரத்தைத் தாண்டி
மோதிவிடுவோம் என்று மனசு சொல்லும் இடத்தில்
சுக்கானைத் திருப்ப வேண்டும்.
உள்ளே இரண்டு படகு அகலம்,
காட்டுச் சோம்பின் வாசனை,
கடற்புல்லுக்கு நடுவே வெளிறிய மணல்,
குளித்தவர் விரித்துப்போட்ட துண்டைப் போல.

எங்கள் பேச்சில் அதன் பெயர்
'பேரோ தூங்கிவிட்டான்'.
எந்தப் பேரோ, எந்தக் காலத்து வலை,
யாருக்கும் தெரியாது.
எழுந்தானா என்பது பெயரில் இல்லை.

செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை
அங்கே மஞ்சள் விளக்கு.
பழைய மரப் படகு, பிரெஸ்ட் துறைமுகப் பதிவு,
சாயம் உரிந்த பக்கவாட்டில் இரண்டு ஒட்டுப்போட்ட தடம்.
தனியாக ஒரு பெண், ஸோய்சிக் என்று பெயர்,
தண்ணீர் பம்பைக் கழற்றித் தட்டில் பரப்பி,
முழங்கை வரை கிரீஸ்.

"நீளம்?"
"ஒன்பது மீட்டர் நாற்பது."
கண்ணால் அளந்தேன். ஒன்பது மீட்டர் நாற்பதுதான்.
அந்த ஆண்டின் முதல் உண்மை.

"யார் சொன்னது இந்த இடத்தை?"
"ஆடு," என்றாள்.
"மேலே ஒரு ஆடு அசையாமல் படுத்திருந்தது.
காற்றடிக்கும் இடத்தில் ஆடு அப்படிப் படுக்காது."
ஐம்பத்திரண்டு வயதாகிறது எனக்கு.
ஆடு இத்தனை பேசும் என்று தெரியாது.

ரசீதில் ஒரு கட்டம் உண்டு: இடம்.
பேனாவைத் திறந்தேன், மூடினேன்.
வாயால் ஆயிரம் முறை சொன்ன பெயர்
எழுதிப் பார்த்ததே இல்லை.
ஒரு சொல்லா? இரண்டா?
முதல் எழுத்து பெரிதா?
பேரோவுக்கும் தூக்கத்துக்கும் நடுவே இடம் விடவா?
அவள் ஸ்குரூடிரைவரால் காதைச் சொறிந்தபடி காத்திருந்தாள்.
"கேட்கிறபடி எழுதுங்கள்."

சேர்த்தே எழுதினேன்.
கட்டத்தைத் தாண்டி
வரித்தொகை வரை ஓடியது.

மறுநாள் துறைமுக அலுவலகத்தில் ஜெலென்கா
நீலக் கார்பன் நகலைக் கண்ணருகில் பிடித்தாள்.
"இது எங்கே இருக்கிறது?
கணினியின் பட்டியலில் இல்லையே?"

சன்னலுக்கு வெளியே
பிரெஸ்ட் படகு பாயை விரித்துக்
கிழக்கே போய்க்கொண்டிருந்தது.
"இல்லை," என்றேன், "அப்படி ஒரு இடம் இல்லை."

"பணம் மட்டும் இருக்கிறதே."

கொஞ்சம் யோசித்தாள்.
பட்டியலின் கடைசி வரிக்குப் போய்
அந்தக் கடலை, சோம்பை, ஆட்டை,
தூங்குகிறவனை
'இதர வரவு' என்று பதிந்தாள்.
முப்பத்தொரு யூரோ.