இட்வல் எழுத வேண்டாம் என்ற மரங்கள்

வேல்ஸ் மழைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.
பென்சிலால்தான் எழுதுகிறேன், மை கரைந்துவிடும்.
சரிவில் பத்துக்குப் பத்து மீட்டர் கயிறு கட்டி
உள்ளே நிற்பதையெல்லாம் எண்ண வேண்டும்.
ஓக் ஆறு. பிர்ச் இரண்டு.
நெஞ்சுயரத்தில் சுற்றளவு.
பெரணி, பாசி,
பட்டைமேல் ஈர நுரையீரலாய் விரிந்த லைக்கன்.
காற்று கெட்ட ஊரில் அது குடியிருக்காது.
அந்த வரியை மட்டும்
கொஞ்சம் அழுத்தி எழுதினேன்.

அடுத்த கட்டம், கன்றுகள்.
மண்டியிட்டுத் தேடினேன்.
விரல் நீளத்தில் பதினொன்று.
முழங்கால் உயரத்தில் ஒன்றுகூட இல்லை.
இடைப்பட்ட வருடங்களை ஆடுகள் மேய்ந்துவிட்டன.
பூஜ்யம்.

இட்வல் என் பின்னால் வந்து நின்றார்.
அவருடைய நாய் கயிற்றை முகர்ந்து பார்த்துத் தும்மியது.
"அந்தப் பக்கம் போகாதே," என்றார்.
போனேன்.

ஓடையோரம் நான்கு ஓக் மரங்கள்
ஒன்றன்மேல் ஒன்றாக, வேரோடு.
"அறுத்து அடுக்கியிருக்கணும்.
புயல் அடிச்ச மாசம்தான் நெரிஸ் படுத்தா.
மூணு குளிர்காலம் ரம்பத்தைத் தொடல.
அப்புறம், ஒத்தை ஆளுக்கு எவ்வளவு விறகு வேணும்?
அலங்கோலமாக் கிடக்கு. எழுதிக்காதே."

அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.
கிடக்கும் மரம், நாற்பத்தொரு மீட்டர்.
பட்டையைத் தூக்கினால் கொழுத்த வண்டுப்புழு,
தண்டின் பிளவில் தட்டுத்தட்டாய்க் காளான்,
ஏதோ பறவை உடைத்துத் தின்ற நத்தை ஓடுகள்.
"இதற்கு முழு மதிப்பெண்," என்றேன்.
"எதுக்கு?"
"நீங்கள் தொடாததற்கு."
அவர் சிரிக்கவில்லை.
தொப்பியைக் கழற்றி, நீரை உதறி,
மறுபடி போட்டுக்கொண்டார்.

முறிந்த கிளைகளின் சிக்கலுக்குள்
ஆட்டின் வாய் எட்டாத இடத்தில்
இடுப்புயரத்துக்கு ஓர் ஓக் கன்று.
அதன் பின்னால் இன்னொன்று.
கயிற்றுக்கு வெளியே.
விதிப்படி என் பூஜ்யம் பூஜ்யம்தான்.
குறிப்புகளுக்கென்று இரண்டு வரி விட்டிருக்கிறார்கள்,
அதில் நுணுக்கி எழுதினேன்,
ஓரத்திலும்.

இட்வல் குனிந்து, கிளைகளை விலக்கி,
தலையை உள்ளே விட்டு வெகுநேரம் பார்த்தார்.
"ஏழு," என்றார்.
எனக்கு ஐந்துதான் வந்தது.
மழை வலுத்தது.
முதலிலிருந்து எண்ணினோம்.