ஐந்து கிலோ பொன்னி

மெகருன்னிசா,
நீ வராமல் போன ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லிவிடுகிறேன்.
மே மாதம் இமயமலையில்
நமக்கு ஒரே கூடாரமாம். பொன்ராஜ் சொன்னார்.

கும்பக்கரையில் இருள் பிரியுமுன் வேனைவிட்டு இறங்கினோம்.
காலிப் பையோடு ஏறினால் தோள் பழகாது என்று
ஆளுக்கு ஐந்து கிலோ கட்டச் சொல்லியிருந்தார்கள்.
சிலர் தண்ணீர் பாட்டில்.
ஜெயசீலன் பழைய வருமானவரிக் கோப்புகள்.
நான் பொன்னி அரிசி.
அவசரத்தில் கைக்குக் கிடைத்தது அதுதான்.

முதல் அரைமணி நேரம் எல்லோரும் பேசுவார்கள்.
நீயும் பேசுவாய்.
மைத்துனரின் வீட்டுக்கடன்,
அங்கே குளிக்க வெந்நீர் கிடைக்குமா,
குளிக்கத்தான் வேண்டுமா.
பிறகு புல்மேடு செங்குத்தாகும்.
பேச்சு வாக்கியத்திலிருந்து சொல்லுக்கு இறங்கும்,
சொல்லிலிருந்து ம்முக்கு.
யாரோ பக்கத்தில் அடுப்பு ஊதுகிறார்கள் என்று
திரும்பிப் பார்த்தேன்.
நான்தான்.

அவர்கள் கொடுத்த தாளில்
கம்பளி உண்டு, தலைவிளக்கு உண்டு,
தலைவலி வந்தால் மறைக்காதே என்று
அடிக்கோடிட்டு உண்டு.
இது மட்டும் இல்லை:
முன்னால் போனவர்கள் ஒரு பாறையில்
உனக்காகக் காத்திருப்பார்கள்.
கடலைமிட்டாய் தின்று முடித்திருப்பார்கள்.
வியர்வை காய்ந்திருக்கும்.
நீ போய்ச் சேர்ந்ததும்
"வந்துட்டாங்கப்பா" என்று எழுந்துவிடுவார்கள்.
கடைசியில் வருகிறவளுக்கு
ஓய்வு என்பது
மற்றவர்கள் பின்புறத்தைத் தட்டிக்கொள்ளும் அந்த நேரம்தான்.

நான்கு பாறைகளில் இப்படி.
ஐந்தாவதில் உட்கார்ந்துவிட்டேன்.
"நீங்க போங்க" என்றேன்.
கோபமில்லை.
கொஞ்சம் இருந்தது.

மேலேயிருந்து காப்பி மூட்டையோடு
இரண்டு குதிரைகள் இறங்கின.
ஓட்டி வந்தவளுக்கு என் வயது இருக்கும்.
காதில் போன், மறுமுனையில் கேஸ் ஏஜென்சி.
"கொஞ்சம் தள்ளி ஒக்காருங்க,
இந்தப் பாறையிலதான் சிக்னல்" என்றாள்.
தள்ளினேன்.
பையைப் பார்த்தாள்.
"என்ன இருக்கு?"
"அரிசி."
"மேல யாருக்கு?"
"யாருக்குமில்ல. கனத்துக்கு."

ஒரு நொடி குதிரைகள்கூட நின்றாற்போல் இருந்தது.
அப்புறம் சிரித்தாள் பாரு,
மூட்டையைப் பிடித்துக்கொண்டு.
போனில் இருந்தவனுக்கும் சொல்லிவிட்டாள்.
கேஸ் ஏஜென்சியும் சிரித்தது.
எனக்கும் வந்துவிட்டது.
மூச்சு எப்போது திரும்பியது என்று தெரியவில்லை.

வெள்ளகவி எல்லையில் செருப்பைக் கழற்ற வேண்டும்.
அந்த ஊருக்குள் யாரும் போடுவதில்லை.
இரண்டு வாரம் பழக்கிய ஏழாயிரம் ரூபாய் ஷூ
கயிற்றைக் கோத்துக் கழுத்தில் தொங்க,
ஈரமண், சாணம், ஒரு கூரான கல்,
பிறகு வெயில் தின்ற பாறை, சூடாக.
என் பாதங்கள் இவ்வளவு வெள்ளையா என்று
எனக்கே கூச்சம்.
பெருவிரல் நகம் கறுத்திருந்ததை
அங்கேதான் கண்டேன்.

அதற்குமேல் வட்டக்கானல் வரை சோலைக்காடு, மஞ்சு, அட்டை.
உப்பு கொண்டு வா.
நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்.
மலை தெரியும் என்று நம்பி வராதே,
எனக்கு முன்னால் போனவரின்
குதிகால்தான் தெரிந்தது நாள் முழுக்க.
ஒரே ஒருமுறை மஞ்சு கிழிந்து
கீழே பெரியகுளம்,
நாம் வாடகை கட்டும் ஊர்,
கொட்டிய உளுந்து போல.
ஜெயசீலன்கூட வாயை மூடிக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை அந்த அரிசியை வடித்தேன்.
அதே ருசி.
மலை ஒன்றும் அதில் ஏறவில்லை.

நகம் விழ மூன்று மாதம் ஆகுமாம்,
ஆகவே அதுவும் இமயமலைக்கு வரும்.
நீ என்னைவிட வேகமாக நடப்பாய், தெரியும்.
முன்னால் போ.
பாறையில் உட்கார்.
நான் வந்து சேர்ந்தபின்
ஐந்து நிமிடம்
எழுந்திருக்காதே.