எண்பத்தெட்டாம் பக்கம்

என் வேலை பாதி ஸ்டியரிங், பாதி நூலகம்.
நாலாயிரம் புத்தகங்களை முதுகில் ஏற்றிக்கொண்டு
லாப்லாந்தின் வடக்கே இருநூறு கிலோமீட்டர்.
பதினான்கு நிறுத்தங்கள். சிலதில் ஒரே ஆள்.
ஒன்றில் நாய் மட்டும்.
ஏறிப் பார்த்துவிட்டு இறங்கிப் போகும்.

நிறையப் படித்தவள் என்று பெயர் எனக்கு.
உண்மை வேறு.
தடித்த புத்தகங்களின் முதல் நாற்பது பக்கங்களில்
நான் கரைகண்டவள்.
இன்ஜினை அணைத்தால் விரல் விறைக்கும்,
அணைக்காவிட்டால் டீசலுக்குக் கணக்குக் கேட்பார்கள்.
ஆகவே என் வாசிப்பெல்லாம் இருபது நிமிடத் துண்டுகள்,
பெட்ரோல் பங்க் ரசீது செருகியவை.
எந்தக் காதல் எந்தக் கொலையில் முடிந்தது என்பதில்
இன்னும் குழப்பம் உண்டு.

ஒருமுறை ஓர் எழுத்தாளரைப் பள்ளிக்கூடத்துக்கு
ஏற்றிப் போனேன்.
வழி முழுக்கத் தூங்கினார், வாயைத் திறந்தபடி.
அவர் நாவல்களில் ஒருவனுக்கும் தூக்கம் வராது.
அன்றிலிருந்து அவரைக் கொஞ்சம் பிடிக்கும்.

திரும்பி வரும் புத்தகங்களை உதறிப் பார்ப்பேன்.
மீன் செதில், பல் மருத்துவர் சீட்டு,
நசுங்கிய கொசு, யாருடையதோ ரத்தத்தோடு.
பென்சில் எழுத்து இருந்தால் அழிக்க வேண்டும் என்பது விதி.
ரப்பர் டாஷ்போர்டில் இருக்கிறது.

சாம்மல் தந்த நாவலில், எண்பத்தெட்டாம் பக்கம்.
அக்டோபர் நடுவில் ஓர் இளஞ்ஜோடி
சறுக்குவண்டியில் ஏரியைக் கடக்கிறது,
சிரித்துக்கொண்டு.
ஓரத்தில், தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி:
"அக்டோபரில் இந்த ஏரி ஆளைத் தாங்காது.
இங்கேயே செத்துவிட்டார்கள்."

இன்னும் இருநூறு பக்கம் இருக்கிறதே, என்றேன்.
"படித்தேனே," என்றார் சாம்மல்.
"பேய்க்கதையாக. நன்றாகத்தான் இருக்கிறது."

அன்றிரவு நானும் அப்படிப் படித்தேன்.
பல வருடங்களில் கடைசிவரை போனது அதுதான்.
கல்யாணத்துக்கு வந்தவர்கள்
ஏன் கோட்டைக் கழற்றவில்லை என்று புரிந்தது.
அவள் ஊற்றும் காப்பியை
புத்தகம் முழுக்க ஒருவரும் குடிப்பதில்லை.
எழுதியவருக்கே இது தெரிந்திருக்காது.

அழிக்கவில்லை.
அடுத்து எடுத்துப் போனவள் ஹில்ப்பா,
ஓய்வுபெற்ற நர்ஸ், பச்சைப் பென்சில்காரி.
"அறுபத்தெட்டில் முன்னதாகவே உறைந்தது.
தாங்கியிருக்கும்."
கீழே தேதியும் கையெழுத்தும்,
மருந்துச் சீட்டில் போடுவதுபோல.

சாம்மல் அதே நாவலை மறுபடி கேட்டார்.
பிடித்துவிட்டதா என்று கிண்டல் செய்தேன்.
பதில் இல்லை, படியைப் பார்த்து இறங்கினார்.
மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது.
பச்சைக்கு அடியில், இம்முறை அழுத்தாமல்:
"அறுபத்தெட்டிலும் தாங்கவில்லை.
நான் கரையில் நின்றிருந்தேன்."

விதி விதிதான். ரப்பரை எடுத்தேன்.
தலைப்புப் பக்கத்தில்
யாரோ வரைந்து வைத்திருந்த மீசையை அழித்தேன்.
நூற்றிரண்டாம் பக்கத்துக் காப்பிக் கறையை
போகாது என்று தெரிந்தே தேய்த்தேன்.

பிறகு ஏரியோரமாகப் பதினொரு கிலோமீட்டர்.
ஆறுகிற பாலில் ஆடை கட்டுவதுபோல்
தண்ணீர் மேல் ஏதோ பிடிக்கத் தொடங்கியிருந்தது.
வளைவில் கியரைக் குறைத்தேன்.
பின்னால் நாலாயிரமும்
ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்தன.

ஹில்ப்பா நிறுத்தத்தில் காத்திருந்தாள்,
காதுவரை தொப்பி.
அந்தப் புத்தகம் வந்துவிட்டதா என்றாள்.
வந்துவிட்டது என்றேன்.
உடனே எடுத்துத் தரவில்லை.