நடவு ஆண்டு

பீடோர் பஸ் நிலையத்துக்கு எதிர்க் கடையில்
நகல் எடுப்பது என் வேலை.
ஊரார் நீல ஐசி எல்லாம்
என் விரல் பட்டவை.
இரண்டு பக்கமும் ஒரே தாளில், ஐம்பது காசு.

என் முதல் அட்டையை எடுக்க வேண்டிய நாளில்
இயந்திர மூடியைத் திறந்து
கொஞ்ச நேரம் சும்மா நின்றேன்.
பிலேந்திரன் என்று அப்பா மேலே;
கீழே, சார்ந்தவர் என்று நான்.
நாலு வயது. அழுது முடித்த முகம்.

நிரந்தர வசிப்புப் பாரத்தில் ஒரு கேள்வி:
எவ்வழியாக நாட்டுக்குள் வந்தீர்?
விமானம், கப்பல், தரை.
அப்பா வழியாக என்று எழுதக் கட்டமில்லை.

ஈப்போ கவுண்டரில் புவான் நோரைனி
தன்மையாகத்தான் கேட்டார்,
அப்பா வரவில்லையா?
பதினாலாம் பிளாக்கில் குலை விழுந்து
ஏழு மாதம்.
இறப்புச் சான்றிதழைத் தள்ளினேன்.
அவருடைய தாள்களில்
அதில் மட்டும்தான் முகவரி முழுசாக இருந்தது.
"அப்போ இனி நீ யாரைச் சார்ந்தவள்?"
பேனாவை மூடாமல் காத்திருந்தார்.

திரும்பும் வழியெல்லாம் செம்பனை.
பிளாக் முனைதோறும் பலகை:
எண், ஏக்கர், நடவு ஆண்டு.
பதினாலில் நாங்கள் வந்த ஆண்டு.
மரங்களைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள்,
கொக்கிக்கு எட்டாத உயரமாம்.

மறுநாள் பாரத்தை மூன்று நகல் எடுத்தேன்.
முதலாளி காசு வேண்டாம் என்றார்.
ஒன்றரை வெள்ளியைக் கல்லாவில் போட்டு
ரசீது எழுதினேன்.
பெயர்: ஜெசிந்தா.