பதினேழு

மேன்ஹோலுக்கு வெளியே உட்காருவது என் வேலை.
உள்ளே போகக் கூடாது.
உள்ளே எவர் விழுந்தாலும் போகக் கூடாது;
கயிற்றை இழு, மணியை அடி, கத்து. அவ்வளவுதான்.
மூன்று நாள் வகுப்பில் இதை மட்டும் முப்பது தடவை சொன்னார்கள்.

கருப்பூர். மார்கழி. இரவு ஷிப்ட்.
வெள்ளைக்கல் தூசி செருப்பில் மாவாய் அப்பியிருக்கிறது.
மூன்றாம் நம்பர் ரியாக்டரை
நீராவியில் கழுவி, காற்று ஊதி, திறந்து போட்டிருக்கிறார்கள்.
ஆக்சிஜன் இருபது புள்ளி ஒன்பது என்கிறது மீட்டர்.
மீட்டருக்கு மணம் தெரியாது. எனக்குத் தெரியும்:
கெட்டுப்போன புளியும் தீக்குச்சி மருந்தும்.

சாயங்காலம் தில்ஷாத் மேடம்
சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, வெள்ளை மருந்து தெளித்தார்.
கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.
பிறகு வெள்ளையில் ஒரு சிவப்பு மயிர்.
பிறகு அது வளைந்து, திரும்பி, மறுபடி வளைந்து
ஏற்காட்டுச் சாலையை ஊசியால் கீறிய மாதிரி.

"நாலு இஞ்சுதானே மேடம்,
ஒரு தகடு வச்சுப் பொங்கல் வரைக்கும் ஓட்டிடலாம்"
என்றார் மேனேஜர்.
மேடம் பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

இருசப்பன் உள்ளே போனது எட்டு நாற்பது.
விரிசல் மேலே ஓடாதிருக்க
இரு நுனியிலும் துளை போட்டார்.
பிறகு கிரைண்டர்.
தோண்டத் தோண்ட நீண்டது. ஐந்து இஞ்ச், ஏழு,
துளையையும் தாண்டி ஒன்பது.
மூடிய கூட்டுக்குள் இரும்பு அலறினால்
வெளியே இருப்பவளுக்குப் பல்வேர் கூசுகிறது.

ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை நான் கூப்பிட வேண்டும்.
"அண்ணே!"
"இருக்கேன்."
"அண்ணே!"
"இருக்கேன் தாயி."
"அண்ணே!"

கிரைண்டர் நின்றிருந்தது.

"அண்ணே!"
மணியின் மேல் என் கட்டைவிரல்.
சேர்வராயன் மலையில் ஒரு லாரி விளக்கு வளைவுக்குள் போனது,
அந்தப் பக்கம் வரவேயில்லை.

"பதினேழு" என்றது உள்ளேயிருந்து.
"என்னண்ணே?"
"பக்கத்துல குத்தியிருக்கு. பதினேழு. என் நம்பர்."

ஒட்டுகிறவருக்கு ஓர் எண்; ஒட்டிய இடத்தருகே அதை
உளியால் பதிக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷமாய்
அமிலமும் ஆவியும் தின்று தீர்க்காத இரண்டு இலக்கம்.

தலையை மட்டும் வெளியே நீட்டினார்.
முகமூடி போட்ட இடம் தவிர முகமெல்லாம் கரி.
"மழைநாள். குச்சி அடுப்புக்குக் கரன்ட் இல்ல.
ஈரக் குச்சி. தெரிஞ்சுதான் ஒட்டினேன்."
என்னிடம் ஏன் சொன்னார் என்று தெரியவில்லை.
என் பட்டியலில் அதற்குக் கட்டமில்லை,
உள்ளே, வெளியே, நேரம், கையெழுத்து மட்டும்.

மேடம் நள்ளிரவில் வந்து குழியைப் பார்த்தார்.
படிவத்தில் 'காரணம்' என்ற இடத்தில் பேனா நின்றது.
"பழைய ஒட்டு" என்று எழுதினார்.
"நம்பரையும் போடுங்க" என்றார் இருசப்பன்.
போட்டார்.

அப்புறம் கலத்துக்குச் சூடு ஏற்றினோம்,
கம்பளி சுற்றிய காய்ச்சல்காரனைப் போல அது அனன்றது.
அடுப்பிலிருந்து ஒவ்வொரு குச்சியாக நான்தான் கொடுத்தேன்.
வாங்கும்போதெல்லாம் கையுறையைக் கழற்றி
வெறும் விரலால் ஒருதரம் தொட்டுப் பார்த்தார்.
சுட்டது. ஒவ்வொரு தடவையும் சுட்டது.

வெளியே வந்தது நாலு ஐம்பது.
பேருக்கு எதிரே எழுதினேன்.
"தண்ணி ஏத்தி பிரஷர் பாக்கிறது எப்ப?"
"வெள்ளிக்கிழமைண்ணே."
"வரேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை அவருக்கு ஷிப்ட் இல்லை.