பதினேழாம் அட்டை

சொல்லுக்கு இரண்டு ரூபாய்.
பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு,
முப்பத்தொரு ஓவியத்துக்கு முப்பத்தொரு அட்டை.
நோட்டரி ஆபீசில் பாகப்பத்திரம் பெயர்த்துப் பழகிய கை
ரிஃபாத் மின்யாவியையும் முதல் நாள்
மேற்படியார் என்றே எழுதியது.

மேற்படியார் கெய்ரோவில் ஓவிய ஆசிரியர்.
மேற்படியார் தீட்டியவை:
நாடகத் திரை, தபால்தலை, சிகரெட் பெட்டி,
மூன்றாம் வகுப்பு அறிவியலுக்கு ஒரு தவளை,
ஒரு பள்ளிவாசலுக்கும்
அதன் எதிர்வாடையில் ஒரு தேவாலயத்துக்கும்
ஒரே கடையில் வாங்கிய நீலத்தில் சன்னல் கண்ணாடி.
பல்துறை வல்லவர் என்று எழுதி, அடித்தேன்.
மாசம் பிறந்தால் வாடகை கட்டவேண்டியிருந்தவர்
என்று எழுதி, அதையும் அடித்தேன்.

பதினேழில் வழுக்கினேன்.
லிமோன் என்றிருந்தது.
இங்கிலீஷ் ஞாபகத்தில் கறுப்பு எலுமிச்சை என்று போட்டுவிட்டுப் படுத்தவள்
இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்தேன்.
வண்டல்.
நைல் வடிந்தபின் வயலில் நிற்பது.
பாகூர்க்காரிக்கு இதை அகராதியா சொல்லவேண்டும்?
ஏரி வற்றுகிற சித்திரையில்
காலைப் பிடித்து இழுக்கும்,
விடும்போது ஒரு செருப்பை வைத்துக்கொள்ளும்.

வகுப்பில் அவருக்கு ஒரு வழக்கம்.
பிள்ளைகளின் கோட்டின்மேல்
தன் கோட்டைப் போடமாட்டார்.
தாளைத் திருப்புவார்.
தான் பார்த்த தோளை, தான் பார்த்த கழுதையைப்
பின்பக்கத்தில் போட்டுக் காட்டிவிட்டு
மறுபடி திருப்பி வைத்துவிட்டு
அடுத்த பெஞ்சுக்குப் போய்விடுவார்.
நாற்பது வருஷம்.
அவருடைய நல்ல கோடுகளில் பாதி
யார் யார் வீட்டிலோ சட்டத்துக்குள்
சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

வலது கை நடுங்கத் தொடங்கியதும்
இடது கையைப் புது மாணவனாய்ச் சேர்த்துக்கொண்டார்.
முதல் பரீட்சையில் அதற்கு
நூற்றுக்கு முப்பத்தெட்டு, சிவப்பு மையில்.
(இருபத்தொன்பதாம் அட்டை.
டீ போடப் போனேன். பால் பொங்கி வழிந்தது.)

ஓவியங்கள் வரவில்லை.
ஏதோ ஒரு முத்திரை குறைந்து
சென்னைத் துறைமுகத்தில் பெட்டிகள் நின்றன.
இங்கே மூன்றாம் எண் புயல் கூண்டு.
அழைப்பிதழ் மந்திரிவரை போய்விட்டதால்
துய்மா வீதி மண்டபத்தில் திறப்பு விழா நடந்தது:
வெறும் சுவர், ஆணி,
ஆணிக்குக் கீழே என் அட்டை.

நனைந்த குடைகளோடு எட்டுப் பேர்.
கிட்டப் போய் வாசித்தார்கள்,
இரண்டடி பின்னால் நகர்ந்தார்கள்,
தலையைச் சாய்த்துச் சுவரைப் பார்த்தார்கள்.
யாரும் சிரிக்கவில்லை.
எலக்ட்ரீஷியன் சவரிராயன்
கருத்த வண்டல் முன்னால் ரொம்ப நேரம் நின்றான்.
"இந்த எடத்துக்கு மஞ்ச பல்பு ஆவாதுக்கா.
மண்ணு செத்துப்போவும்" என்று
ஏணியைக் கொண்டுவந்து
வெள்ளை பல்பு மாட்டினான்.

பெட்டிகள் பிரிக்காமலே
அலெக்சாந்திரியாவுக்குத் திரும்பிவிட்டன.
அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டு
என்னிடம் கொடுத்தார்கள். பணம் அடுத்த மாசமாம்.
பதினேழைத் திருப்பினேன்.
பின்பக்கத்தில், மொட்டைப் பென்சிலில்,
மண்டபத்து ஒயரிங்:
பேஸ், நியூட்ரல், முப்பத்தொரு சின்ன வட்டம்.
ஒரு வட்டத்தை மட்டும் அழித்து
அழுத்திப் போட்டிருந்தான்.

வீட்டில் ஆணி அடித்தாகிவிட்டது.
எந்தப் பக்கம் சுவரைப் பார்க்கவேண்டும்
என்பதில்தான் நாலு நாளாய் இழுபறி.